தை நோம்பி விடுமுறையில் வீட்டிலேயே எழுத்தும் எண்ணும்: மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு

போன வருடம் பொங்கல் விடுமுறையின்போது மகளுக்கு மூன்றரை வயது. நான்கு நாள் வீட்டில்தானே இருக்கப்போகிறாள், அதற்குள் அ முதல் ஔ வரைக்கும், ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பயிற்சிப் புத்தகம் மூன்று 450 ரூபாய். கலர் பிரிண்ட் 24 தாள், 240 ரூபாய். ஒரு டப்பா பிளாஸ்டிக் எழுத்து 280 ரூபாய். ஆக 970 ரூபாய். போகியன்று காலையில் உட்கார வைத்தேன். இரண்டாவது தாளிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு நோம்பி (பண்டிகையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) முடியும்வரை பென்சிலைக் கண்டாலே அம்மாயியின், அதாவது என் அம்மாவின், சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். ஓர் எழுத்துகூட ஏறவில்லை. நல்ல நாளில் குழந்தையை அழவைத்தோமே என்ற வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

இந்த வருடம் மொத்தச் செலவு 164 ரூபாய். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், அவ்வளவுதான். நான்கு எழுத்தில் மூன்றைக் கண்ட இடத்தில் சொல்கிறாள், பத்துப் பொருளை விடாமல் தொட்டு எண்ணுகிறாள். நடுவில் எங்கெங்கே தடுக்கியது, எதை மாற்றினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். முதல் பிள்ளைக்கு இப்போதுதான் ஆரம்பிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகும்.

நாங்கள் குடியிருப்பது கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில். நோம்பிக்கு ஈரோட்டுப் பக்கம் அம்மாயி ஊருக்குப் போய்விடுவோம். எங்கள் பக்கத்தில் மூன்றாம் நாள் பட்டிப் பொங்கல், நான்காம் நாள் பூப்பறிக்கிற நோம்பி. மற்ற ஊர்க்காரர்கள் அவற்றை மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. முதலில் எழுத்துகளைக் குறையுங்கள்

தமிழில் எழுத்து 247. நான்கு நாளில் பன்னிரண்டு உயிரெழுத்தே அதிகம். என் அனுபவத்தில் ஒத்துவந்த அளவு இது: மூன்று வயதுக்கு இரண்டு எழுத்து, ஐந்து வரை எண்ணுதல். நான்கு வயதுக்கு நான்கு எழுத்து, பத்து வரை. ஐந்து வயதுப் பிள்ளை அந்த நான்கு எழுத்தையும் எழுதிப் பார்க்கலாம், இருபது வரை போகலாம்.

எந்த நான்கு? ப, ம, க, வ என்று வைத்துக்கொண்டேன். எழுத எளிது என்பதால் ட-வில் தொடங்கச் சொல்கிறவர்கள் உண்டு. எழுத எளிதுதான், ஆனால் தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்குவதில்லை. 'ட என்றால் என்ன?' என்று குழந்தை கேட்டால் கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் இருக்காது. ப-வுக்கும் ம-வுக்கும் பொங்கல் வீடு முழுக்கப் பொருள் கிடக்கிறது. எழுதுவதற்கும் ப சுலபம்: மேலிருந்து இறங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறினால் முடிந்தது. க-வை மூன்று, நான்கு வயதில் அடையாளம் கண்டால் போதும், எழுதச் சொல்லாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே ஒன்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஆனா, ஆவன்னா, கானா என்று சொல்லிப் படித்தவர்கள் அதையே சொல்லித் தருவார்கள். நீங்கள் 'க' என்கிறீர்கள், அம்மாயி 'கானா' என்கிறார். பிள்ளைக்கு அவை இரண்டும் வேறு வேறு எழுத்து. ஓசையை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டால் போதும், எங்கள் அம்மா உடனே மாற்றிக்கொண்டார்.

2. சொற்களைப் பார்த்துப் பொறுக்குங்கள்

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். கடையில் வாங்கிய தாள்களும் இங்கேதான் கவிழ்த்தன.

ப-வுக்குப் பொங்கல் பானைப் படம் போட்டு, கீழே 'பொங்கல்' என்று அச்சடித்திருந்தார்கள். பெரியவர்கள் கண்ணுக்கு அது சரி. குழந்தையின் கண்ணால் பாருங்கள்: அந்தச் சொல்லில் முதலில் நிற்பது கொம்பு. அதைத் தாண்டித்தான் ப வருகிறது. 'இதில் முதல் எழுத்தைத் தொடு' என்றால் பிள்ளை கொம்பைத்தான் தொடும். என் மகளும் அதைத்தான் தொட்டாள். நான் 'அது இல்லை' என்றேன். அவள் தொட்டது சரி, கேட்ட நான்தான் தவறு என்று எனக்குப் புரியவே பல மாதம் ஆயிற்று.

ஆகவே முதல் சுற்றில் கொம்பு வரும் சொற்கள் வேண்டாம். பொங்கல், வெல்லம், நெய், கோலம், வேப்பிலை, தை எல்லாம் வாயால் பேச மட்டும்.

அடுத்தது ஓசை. 'போகி'யும் 'பலூன்' என்பதும் எழுத்தில் ப, வாயில் வேறு ஓசை. 'பழம்' என்பதற்கு உதடு எப்படித் திறக்கிறதோ அப்படிப் 'பலூன்' என்பதற்குத் திறப்பதில்லை. எங்கள் ஊரில் மாட்டுக் கொம்புக்குப் பலூன் கட்டுவதால் அந்தச் சொல் தானாக வந்துவிடும். பேசட்டும், ஆனால் ப-வுக்கு உதாரணமாகக் காட்டாதீர்கள்.

இரண்டையும் தாண்டி நான் வைத்துக்கொண்ட சொற்கள்:

ப: பச்சரிசி, பருப்பு, பழம், படி, பனங்கிழங்கு, பட்டி
ம: மஞ்சள், மணி, மண்பானை, மரம்
க: கரும்பு, கன்று, கயிறு, கதிர்
வ: வண்டி, வடை, வயல், வரப்பு

இவை பழகிய பிறகு பால், பானை, மாடு, மாவிலை என்று கால் வரும் சொற்களுக்குப் போகலாம். கால் பின்னால்தானே வருகிறது, ப-வும் ம-வும் முதலில் தெரியும். பூ, பூசணி போன்றவற்றில் எழுத்தின் உருவமே மாறிவிடுகிறது. அவற்றை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரெழுத்தும் வேண்டும் என்று தோன்றினால் அரிசிக்கு அ, ஆவாரம்பூவுக்கு ஆ, இஞ்சிக்கு இ. ஈ-க்கும் ஔ-வுக்கும் நோம்பிச் சொல் தேடி இழுத்துக்கட்ட வேண்டாம்.

3. வாங்க வேண்டியவையும் விலையும்

இந்த வருடம் எங்கள் தெருவில் நான் கொடுத்த விலை: சிலேட் 60 ரூபாய், சாக்பீஸ் பெட்டி 25, சார்ட் அட்டை இரண்டு 24, மார்க்கர் 25, நோட்டு 30. ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏறி இறங்கும்.

மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவை. ஒரே ஒரு பொருளை மட்டும் மளிகைக் கடையில் கேட்டு வாங்கி வையுங்கள்: முட்டை வைக்கிற அட்டைத் தட்டு. முப்பது குழி, அதாவது ஐந்தைந்தாக ஆறு வரிசை. இரண்டு வரிசைக்கு ஒரு துண்டாகக் கத்தரித்தால் பத்துக் குழித் தட்டு மூன்று கிடைக்கும். எண்ணப் பழக இதைவிட நல்ல பொருளை நான் பார்க்கவில்லை. ஐந்து குழி நிறைந்தால் மேல் வரிசை முடிந்தது, பத்து நிறைந்தால் தட்டே முடிந்தது. 'எட்டு' என்றால் இரண்டு குழி காலி என்பது பிள்ளைக்குக் கண்ணிலேயே தெரிந்துவிடும். முட்டை உடைந்து ஒட்டிய தட்டாக இல்லாமல் சுத்தமானதாகக் கேளுங்கள். வாங்கி வந்து ஒரு நாள் வெயிலில் போட்டு எடுங்கள்.

வாங்கவே கூடாதவை சில உண்டு. சிலேட்டுக்குப் பல்பம் வேண்டாம், பிள்ளைகள் தின்றுவிடுவார்கள். கலர் கோலப்பொடி இந்த வயதுக்கு வேண்டாம், கண்ணில் தேய்த்துக்கொள்வார்கள். எண்ணுவதற்குச் சிவப்பாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது கொடிய விஷம், பல்லில் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடி விதையும் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை, கொண்டைக்கடலைகூட வேண்டாம், மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும். பெரிய தண்ணீர்க் கேன் மூடி, எலுமிச்சை, மரக்கரண்டி என்று வாய்க்குள் போகாத பொருளாக எடுங்கள். நான்கு வயதுக்கு மேல் புளியங்கொட்டை சரி, ஆனால் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

4. தாள் வேலை

பிரிண்ட் எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எடுத்தே தீருவேன் என்றால் கறுப்பு வெள்ளையில், ஒரு தாளுக்கு ஓர் எழுத்து, தாள் நிறையும் அளவுக்குப் பெரிதாக எடுங்கள். நான்கு தாள் போதும். படமும் பூவும் பார்டரும் நிறைந்த தாளில் குழந்தை எழுத்தைப் பார்ப்பதில்லை, பூவைத்தான் பார்க்கிறது. இணையத்திலிருந்து எடுக்கும்போது எழுத்து வடிவத்தை ஒருமுறை சரிபாருங்கள். அலங்கார எழுத்தாக இருந்தால் ப-வின் மூலை வளைந்து வேறு ஏதோ போல இருக்கும்.

சார்ட்டைக் கத்தரித்து இரண்டு கை சேர்ந்த அளவில் அட்டைகள் செய்யுங்கள். எழுத்துக்கு நான்கு, எண்ணுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை. எண் அட்டையின் பின்பக்கம் அத்தனை புள்ளி வையுங்கள்.

நோட்டு பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு. தேதி, என்ன செய்தோம், எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள், எந்த எழுத்தைத் தானாகச் சொன்னாள் என்று தினமும் இரண்டு வரி. 'ஒன்றுமே தெரியவில்லையே' என்று மனது அடித்துக்கொள்ளும் நாளில் அதைப் புரட்டிப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

5. எப்போது, எத்தனை நேரம்

தை ஒன்று ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். பத்து நாள் முன்னால் பொருள் சேர்க்க ஆரம்பித்து, ஐந்து நாள் முன்னால் புள்ளி விளையாட்டைத் தொடங்குங்கள். போகிக்குத் தொடங்கினால் தாமதம். அன்றைக்கு வீடு சுத்தம் செய்வீர்களா, பிள்ளையோடு உட்காருவீர்களா?

ஒரு தடவைக்கு மூன்று வயதுக்கு ஐந்து நிமிடம், நான்கு வயதுக்கு ஏழு எட்டு நிமிடம். காலையில் சாப்பிட்டு முடித்ததும் ஒன்று, மாலையில் விளையாடப் போகும் முன் ஒன்று. பசி, தூக்கம், விருந்தாளி, இந்த மூன்று நேரத்திலும் எடுக்கவே வேண்டாம். பிள்ளை 'இன்னும்' என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். எனக்குக் கடினமாக இருந்ததும் இதுதான், பலன் தந்ததும் இதுதான்.

எழுத்தையும் எண்ணையும் ஒரே தடவையில் கலக்காதீர்கள். காலையில் எண், மாலையில் எழுத்து என்று பிரித்துக்கொள்ளலாம்.

6. மார்கழிக் கடைசி நாட்கள்: புள்ளி வைக்கிறோம்

மார்கழியில் எப்படியும் வாசலில் கோலம் உண்டு. உங்கள் கோலத்துக்குப் பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு முழ இடம் ஒதுக்குங்கள். அடுக்குமாடி வீட்டில் வாசற்படிக்கு வெளியே இரண்டு டைல் போதும். கல் மாவு வேண்டாம், பச்சரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு கிண்ணத்தில் கொடுங்கள். விரலைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைக்கட்டும். மாவை இரண்டு விரலால் எடுத்து வைக்கப் பழகினால் இன்னும் நல்லது, பின்னால் பென்சில் பிடிக்கவும் அந்தப் பிடிதான் வேண்டும்.

மூன்று கோலம் போதும்:

- 1, 3, 1 என்று வைத்தால் ஐந்து புள்ளி.
- 2, 3, 2 என்று இடைப்புள்ளி வைத்தால் ஏழு.
- 3, 3, 3 என்று நேர்ப்புள்ளி வைத்தால் ஒன்பது.

வைத்து முடித்ததும் எண்ணச் சொல்லுங்கள். என் மகள் முதல் நாள் ஐந்து புள்ளியை எட்டு என்று எண்ணினாள். வாய் 'ஒன்னு, ரெண்டு, மூணு' என்று ஓடுகிறது, விரல் ஒரு புள்ளியிலேயே நிற்கிறது, அப்புறம் இரண்டைத் தாண்டிக் குதிக்கிறது. இருபது வரை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைதான் அவள். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அதற்கு மருந்து, எண்ணும்போதே பொருளை நகர்த்துவது. புள்ளியை நகர்த்த முடியாதே, அதனால் ஒவ்வொரு புள்ளி மேலும் ஒரு மூடியை வைக்கச் சொன்னேன். மூடி வைத்தால் 'ஒன்னு', அடுத்த மூடி 'ரெண்டு'. மூன்றாம் நாள் மூடியில்லாமலே சரியாக வந்துவிட்டது.

எண்ணி முடித்ததும் 'அப்போ மொத்தம் எத்தனை?' என்று கட்டாயம் கேளுங்கள். பல பிள்ளைகள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். திட்டாமல், நீங்களே ஒருமுறை எண்ணி, கையால் எல்லாவற்றையும் வளைத்துக் காட்டி, 'ஐந்து, மொத்தம் ஐந்து' என்று சொல்லிக் காட்டுங்கள்.

ரெண்டு, மூணு, அஞ்சு என்று பிள்ளை பேச்சுத் தமிழில் சொன்னால் அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு, மூன்று என்று திருத்துவதற்கு நிறைய காலம் இருக்கிறது. பள்ளியில் ஒன், டூ பழகியிருந்தால் ஒரு விளையாட்டு முழுக்க ஒரே மொழியில் போகட்டும், நடுவில் மாற்ற வேண்டாம்.

7. போகி: காப்புக் கட்டு, பழைய பேப்பர்

எங்கள் பக்கம் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டுவோம். கட்டு கட்டாகச் சந்தையில் கிடைக்கும். வாசலுக்கு ஒன்று, கொல்லைக் கதவுக்கு ஒன்று, பட்டிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. கட்டும் முன் பிள்ளையைக் கேளுங்கள்: நமக்கு எத்தனை கட்டு வேண்டும்? அவளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாக நடந்து விரல் மடக்கி எண்ணுங்கள். பிறகு கூடையிலிருந்து அத்தனை கட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். குறைந்தால் ஒரு கதவு காலியாக நிற்கும், கூடினால் கையில் மிஞ்சும். சரியா தவறா என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

மாலையில் பழைய பேப்பர். எரிக்காமல் எடுத்து வைத்த செய்தித்தாளில் பெரிய தலைப்பு எழுத்து உள்ள பக்கமாக ஒன்று எடுத்து, மார்க்கரைக் கையில் கொடுத்து, ப எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பா-வில் உள்ள ப-வையும், ப் என்று புள்ளி வைத்ததையும் வட்டம் போட்டால் சரி என்றே சொல்லுங்கள். ய-வைப் போட்டுவிட்டால் அட்டையைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வட்டம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். விபத்து, கொலைச் செய்தி இல்லாத பக்கமாக முன்னாலேயே எடுத்து வைப்பது நல்லது.

8. பெரும்பொங்கல்: அளப்பது மட்டும்

அன்றைக்கு எழுத்து வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும். அந்த வேலையிலேயே ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு பங்கு பச்சரிசி, கால் பங்கு பாசிப்பருப்பு, ஒன்றரைப் பங்கு வெல்லம் என்பது எங்கள் வீட்டு அளவு. காலும் அரையும் குழந்தைக்குப் புரியாது. அதனால் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து, நான்கு கிண்ணம் அரிசி, ஒரு கிண்ணம் பருப்பு, ஆறு கிண்ணம் தட்டிய வெல்லம் என்று மாற்றிக்கொண்டேன். அளவு அதேதான், எண்கள் மட்டும் முழுதாக வந்துவிட்டன. முந்தைய இரவே அளந்து மூடி வைத்துவிட்டால் காலையில் அவசரம் இல்லை. ஏலக்காய் மூன்று, முந்திரி பத்து என்று முட்டை அட்டைக் குழியில் வைக்கட்டும். ஒரு முந்திரி வாய்க்குள் போகும். போனால் 'இப்போ எத்தனை இருக்கு?' என்று கேளுங்கள், கழித்தலுக்கு வேறு பாடமே வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு முழு முந்திரி கொடுக்காமல் உடைத்துக் கொடுங்கள்.

அடுப்பு மூட்டியதும் விளையாட்டு முடிந்தது. பானை பொங்கும்போது எல்லோர் கண்ணும் பானை மேல்தான் இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒருவரை முன்பே சொல்லி வையுங்கள்.

அன்று மாலைக்குக் கரும்பு. எங்கள் வீட்டில் மிகவும் நன்றாக அமைந்த விளையாட்டு இது. கரும்பைத் திண்ணையில் கிடத்தினோம். மகளைவிட ஒரு முழம் நீளம். கணு எண்ணச் சொன்னேன். அடியிலிருந்து எண்ணினால் ஒன்பது, நுனியிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு. அவளுக்கே குழப்பமாகி என் முகத்தைப் பார்த்தாள். அம்மாயிதான் சாக்பீஸை எடுத்துக் கையில் கொடுத்தார். "ஒவ்வொரு கணுவுக்கும் திருநீறு பூசிட்டே வா சாமி, பூசினதை மறுக்கா எண்ணாதே." கறுத்த ஊதா நிறக் கரும்பில் வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது. முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பூசிக்கொண்டே போனாள். பத்து. திரும்பி நுனியிலிருந்து கோடுகளை எண்ணினாள். பத்து. அப்புறம் வீட்டில் இருந்த ஐந்து கரும்புக்கும் திருநீறு பூசிவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.

எண்ணி முடித்த கரும்பைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். சின்னப் பிள்ளைக்குச் சாறு பிழிந்து கொடுப்பதே நல்லது, சக்கை தொண்டையில் சிக்கும்.

9. பட்டிப் பொங்கல்: ப என்னும் ஓசை

பட்டியில் பொங்கல் வைத்துச் சுற்றி வரும்போது எங்கள் பக்கம் சொல்வது: "பட்டி பெருக, பால் பானை பொங்க!" ஐந்து சொல், ஐந்தும் ப-வில். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை நீட்டி மெதுவாகச் சொல்லுங்கள். ஒரு கை நிறைந்துவிடும். உதடு ஐந்து முறை ஒட்டித் திறப்பதைப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். இங்கே எழுத்தைக் காட்டாதீர்கள், பெருக, பொங்க இரண்டிலும் கொம்பு இருக்கிறதே. ஓசை மட்டும். நாள் முழுக்கக் கத்திக்கொண்டு திரிவார்கள், திரியட்டும்.

கொம்பு எண்ணுவதும் அன்றைக்குத்தான். ஒரு மாட்டுக்கு இரண்டு, இரண்டு மாட்டுக்கு நான்கு. கட்டியிருக்கும் மாட்டுக்குப் பக்கத்தில் விடாமல், தூரத்தில் நிறுத்திக் காட்டுங்கள். பறைச் சத்தத்தில் பழகிய மாடும் மிரளும். நகரத்தில் இருப்பவர்களுக்கு மாடு வேண்டாம், ஆட்களே போதும். ஆளுக்கு இரண்டு விரலைத் தலையில் வைத்து நில்லுங்கள். அப்பா, அம்மா, பாட்டி என்று மூன்று பேருக்கு ஆறு கொம்பு. தாத்தா வந்து சேர்ந்தால் எட்டு.

10. பூப்பறிக்கிற நாள்: எழுத்தின் மேல் பூ

கடைசி நாள்தான் எழுதுவது, அதுவும் பென்சில் இல்லாமல். தரையில் சாக்பீஸால் பெரிய ப ஒன்று வரையுங்கள், பிள்ளை உள்ளே நிற்கும் அளவுக்கு. முதலில் கோட்டின் மேல் நடக்கட்டும்: இறங்கு, திரும்பு, ஏறு. அடுத்து அதே கோட்டின் மேல் பூ வைத்துக்கொண்டே போகட்டும். எழுதும் திசையிலேயே வைக்கச் சொல்லுங்கள். கீழிருந்து வைத்தால் கையைப் பிடித்து மேலே கொண்டுபோய்த் தொடங்கி வையுங்கள். இந்தத் திசை தவறாகப் பழகினால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. இரண்டு நாள் இப்படிச் செய்த பிறகு சிலேட்டில் கொடுத்தால் கை தானாகப் போகும்.

செம்பருத்தி, செவ்வந்தி, ஆவாரம்பூ எதுவும் சரி. அரளி கூடவே கூடாது. ஊர்ப்பக்கம் வேலியோரம் முழுக்க அதுதான் பூத்துக் கிடக்கும், ஆனால் பூவும் இலையும் விஷம். எருக்கம்பூவும் வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். பறிக்கும் முன்பே பிள்ளைக்குக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

11. சொந்தக்காரர்கள் முன்னால் கேட்காதீர்கள்

நோம்பிக்கு வீடு நிறைய ஆள் வருவார்கள். 'பெரியம்மா பையன் நூறு வரைக்கும் சொல்றான், உனக்கு எத்தனை தெரியும்?' என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். நானே போன வருடம் எல்லார் நடுவிலும் 'ப காட்டு கண்ணு' என்று அட்டையை நீட்டினேன். அவள் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த அட்டையைத் தொடவே இல்லை. இந்த வருடம் அட்டைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். யாராவது கேட்டால் 'விளையாடிக்கிட்டு இருக்கா, விடுங்க' என்று சொல்லிவிடுங்கள். மாமியாராக இருந்தாலும் சரி.

12. ஒரு வாரம் கழித்துப் பார்ப்பது

பள்ளி திறந்த வாரம் ஒன்றும் கேட்காதீர்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான்கு அட்டையையும் தரையில் பரப்பி, ஒரு மஞ்சள் துண்டைக் கையில் கொடுத்து 'இதை அதன் எழுத்து மேலே வை' என்று சொல்லுங்கள். பிறகு ஒரு பழம், ஒரு கயிறு, ஒரு வடை. நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கில் இரண்டு சரியாக வைத்தால் இந்த நான்கு நாள் போதுமான அளவுக்கு வேலை செய்திருக்கிறது. என் மகள் மூன்று வைத்தாள். க-வுக்கு வடையை வைத்தாள். க அட்டையை மட்டும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனி போகிறோம், வழி நெடுக காவடி பார்க்கலாம்.